எம்எக்ஸ் பதிவை அழித்தவள்

இன்று காலை கம்பெனியின் மெயிலை வேறொரு சேவைக்கு மாற்றும் வேலை. எதையும் தொடுவதற்கு முன் கறுப்புத் திரையைத் திறந்து 'டிக்' என்ற கட்டளையைத் தட்டினேன். அடுத்து நம் டொமைன் பெயர், கடைசியில் எம்எக்ஸ். வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு ஒற்றை வரியாக வந்து நின்றது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மேலே எதையும் தட்டாமல் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. இந்தக் கட்டளையைத் தட்டும்போதெல்லாம் நீ பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகிறாய். எனக்கு அலுத்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, ராஜபாளையத்தில் இந்த பேண்டேஜ் துணிக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை நாம் இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்ட காலம் அது. இருவர் வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. நான் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தேன். ஒரு திங்கட்கிழமை வெளியிலிருந்து ஒரு மெயிலும் வரவில்லை. நெட் சரியில்லை என்று எல்லோரும் சொல்ல, ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டோம். மறுநாள் வெளிநாட்டு வாடிக்கையாளர் போனில் வந்தார். அனுப்பியதெல்லாம் திரும்பி வருகிறது, ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துவிட்டேன் என்றார்.

அப்போதுதான் நீ இதே கட்டளையைத் தட்டிப் பார்த்தாய். பதில் பூஜ்யம் என்று வந்தது.

"ஏட்டி, எம்எக்ஸ் ரெக்கார்டே இல்லையே," என்றாய்.

அதற்கு முந்தின சனிக்கிழமை நீ குடோனில் பிரிண்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, வெப்சைட்டைப் புது சர்வருக்கு மாற்றியவள் நான். வேண்டாத வரிகள் என்று நினைத்துச் சிலவற்றை அழித்ததும் நான்தான். என் முகத்தைப் பார்த்தே உனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் வரியைத் திரும்பச் சேர்த்தாய். மெயில் வரத் தொடங்க சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் மேனேஜர் வந்து நின்றார்.

"கடைசியா இதுல யாரு கை வச்சது?"

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார். பார்க்காம அழிச்சுட்டேன்," என்றாய் நீ.

அந்த மாதக் கடைசியில் என்னை நிரந்தரமாக்கினார்கள். உன்னை வர வேண்டாம் என்றார்கள். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாய். பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கப்போகிறேன் என்று கேட்டாய். நான் அப்போதும் பெயரைப் பற்றி மட்டும்தான் பேசினேன்.

பிறகு கிருஷ்ணன்கோவிலில் ஒரு கல்லூரி லேபில் உனக்கு வேலை கிடைத்தது. வருடங்கள் ஓடின. நோய் முற்றி நீ வன்னியம்பட்டி வீட்டில் படுத்திருந்தபோதுதான், அழித்தது நான் என்று வந்து சொன்னேன்.

"தெரியுமே," என்றாய். "நீயே சொல்லுவன்னு செத்த நேரம் பார்த்தேன். நீ சொல்லல. வயித்துல பிள்ளையோட இருந்தியா, பொறவு நான்தான்னு சொல்லிட்டேன்."

"கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. அதை எம்புட்டு நாளைக்கு வச்சுக்கிட்டு இருக்க?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாய். "எங்கிட்ட சொல்லி என்ன செய்ய. சொல்லணும்னா மேனேஜர்ட்ட போய்ச் சொல்லு."

அதற்கும் இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன். மேனேஜர் ரிட்டயர் ஆகி தேவதானத்தில் இருக்கிறார். போன மாதம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கூட்டத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழித்தது நான், வேலை போனது அவளுக்கு என்று.

அவர் யோசித்தார். "எந்த மெயில்மா?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். "அந்தப் பொண்ணா? அதுவா வேலைய விட்டுட்டுல்ல போச்சு?"

இல்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். அவருடைய பஸ் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு, "உடம்பைப் பார்த்துக்கம்மா, வாரேன்," என்று ஏறிப் போய்விட்டார்.

நீ சொன்னபடி செய்துவிட்டேன். பாரம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. உன்னை அனுப்பியவருக்கே அது நினைவில் இல்லை. நீயும் இல்லை. அன்று அந்த அறையில் நடந்தது இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் மறந்துவிட்டால், நீயாகவே வேலையை விட்டுப் போனவள் என்றே ஆகிவிடும். அதனால்தான் மறக்காமல் இருக்கிறேன்.