அலமாரிக்குப் பின்னால்

ஹைஃபாங், வியட்நாம்,
இரண்டாம் மாதம், பதினெட்டாம் நாள்.

அன்பு மகள் குவேக்கு,

ஜெர்மனிக் குளிரில், அந்த லைப்சிக்கில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒன்றுமில்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். இந்த வருஷம் ஈரம் சுமந்து வரும் நோம் காற்று தெத் புத்தாண்டு முடிந்த கையோடு வந்துவிட்டது. தரை வியர்க்கிறது, சுவர் அழுகிறது, செருப்புக்குள்கூடப் பூசணம். உன் அண்ணி யென் தெற்கத்திக்காரி, அவளுக்கு இந்தக் காற்றைப் பற்றி என்ன தெரியும்? காற்றோட்டம் வேண்டுமென்று ஜன்னலைத் திறந்து வைப்பாள். ஈரக் காற்று உள்ளே வரும்போது கதவை அடைக்கணும், தரையைக் காய்ந்த துணியால்தான் துடைக்கணும் என்று எத்தனை தரம் சொல்வது? அவர்கள் அறைச் சுவரில் கறுப்புப் புள்ளி வந்ததும், உன் ஈரத்துணிதான்டி என் பேரனைத் தின்னுது என்று அண்டை வீட்டார் காதுபடவே சொன்னேன். இரண்டு வருஷமாகச் சொன்னேன். பேரன் பாக்குக்கு நாலு வயசு, ராத்திரியெல்லாம் நெஞ்சு விசில் அடிக்கும். யென் ஒருநாள் கையைப் பிசைந்துகொண்டு வந்து, "அத்தை, குவே ரூமு சும்மாத்தானே கிடக்கு, புள்ளையை மட்டும் அதுல படுக்க வைக்கட்டுமா?" என்று கேட்டாள். அது என் பொண்ணு ரூமு, உங்க அப்பன் கட்டின வீடில்லைன்னு முகத்தில் அடித்தாற்போல் சொன்னேன். நீ போனதிலிருந்து ஆறு வருஷமாக அதை நான் பூட்டித்தான் வைத்திருந்தேன். நீயும் ஆறு வருஷமாக வருகிறேன் வருகிறேன் என்றுதான் சொன்னாய்.

போன மாதம் பாக்குக்கு உதடு நீலமாகிவிட்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா, வீட்டில் பூஞ்சை எங்கே இருக்கிறதென்று தேடச் சொன்னாள். உன் அண்ணன் தொவான் என்னைக் கேட்கவே இல்லை, சுத்தியலோடு வந்து பூட்டை உடைத்தான். உள்ளே மூச்சு விட முடியவில்லை. உன் அலமாரியை நகர்த்தினால், பின்சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாக மயிர் முளைத்த மாதிரி. மாடித் தண்ணீர்க் குழாய் அங்கேதான் கசிந்துகொண்டிருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பாக்கின் கட்டில். உன் கல்யாண உடுப்பு கையில் எடுத்ததும் கிழிந்தது. யென் வாசலில் நின்று பார்த்தாள். "இது யாரோட ஈரத்துணி அத்தை?" என்று மட்டும் கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிப் பக்கம் ஓர் அறை பிடித்துப் போய்விட்டார்கள்.

உன் சாமான் எல்லாவற்றையும் எரித்துவிட்டேன், அழாதே. குழாயை மாற்றி, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, தூசி பறக்காமல் சுவரை நனைத்து, உளுத்த பூச்சைக் கரண்டியால் சுரண்டினேன். மிச்சத்தை வினிகர் விட்டுத் தேய்த்தேன். அதோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்கக் கூடாது, எதிர்வீட்டு ஹாவ் கலந்துவிட்டு மயங்கி விழுந்தாள். காய்ந்தபின் சுண்ணாம்பு அடித்தேன். நீயும் அங்கே அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடு, பின்னால் என்ன இருக்கிறதென்று பார். அறை இப்போது பளிச்சென்று இருக்கிறது, ஆனால் பாக் வர மாட்டேன் என்கிறான். பாட்டி வீட்டுல மூச்சு வராதுன்னு போனில் சொன்னான். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அதுதான் தாங்கவில்லை.

நீ ஒரு காரியம் செய். நீ கூப்பிட்டால் யென் போனை எடுப்பாள். "அறையைப் பூட்டி வைக்கச் சொன்னது நான்தான், அம்மா திறக்கத்தான் நினைத்தாள்" என்று அவளிடம் சொல்லிவிடு. அப்படி நீ ஒருநாளும் சொன்னதில்லை, எனக்குத் தெரியும். ஆனால் நீ தூரத்தில் இருக்கிறாய், அவள் உன்னை வெறுத்தால் உனக்கு என்ன குறைந்துவிடும்? நான் இங்கேதான் சாக வேண்டும்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் வாழ முன்னோர்கள் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளைக் கூப்பிடு, மறக்காதே.

உன் அம்மா,
லுவா