யவனன் மதுவை நாக்காவலர் மறுபடி சுவைத்த செய்தி

வெண்மணல் நாட்டின் துறைகள் யாவையும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் வேந்தர் மாவளத்தார் திருவாசலில், அரசர் வாய்க்குப் போகும் சோறும் நீரும் மதுவும் முதலில் தம் வாயிலிட்டுப் பார்க்கும் நாக்காவலர் பூதங்காரி, கீழ்த்துறைக் காவல் தலைவர் எயினன் கொற்றனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் அலை அடங்குக. கலங்கள் குறைவின்றிக் கரை சேர்க.

இக்காலத்து மனிதருக்குக் குடிக்கக்கூடத் தெரியவில்லை. கிண்ணத்தை விளக்குக்கு நேரே பிடித்து நிறம் பார்க்கிறார்கள், சுழற்றுகிறார்கள், மூக்கை உள்ளே விட்டுத் தேன் மணக்கிறது, பேரீச்சை மணக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு பிதற்றுகிறார்கள். அரண்மனை இளவட்டங்களின் இந்தக் கூத்து நாக்காவலருக்கு அலுத்துவிட்டது. குடிப்பதென்றால் அண்ணாந்து ஊற்றிக்கொள்வது. அரசர் கலத்தில் உதடு படுவது குற்றம். பல்லெல்லாம் கொட்டிய பின்னும் அவர் அப்படித்தான் செய்துவருகிறார்.

நிறைமதி விருந்தில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். ஸ்கொத்து நாட்டு மாலுமி மல்க்கம் காணிக்கையாகக் கொண்டுவந்த விஸ்கி என்னும் வாற்கோதுமை மதுவை அவர் வழக்கப்படி அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். தொண்டையில் கொள்ளிக்கட்டையைச் செருகியது போலாயிற்று. அவை நடுவே மல்லாந்து விழுந்தார். “நஞ்சுடா! பிடிங்கடா அவனை!” என்று கத்தியதும் அவரே. அந்தச் சொல்லின் பேரில்தான் மல்க்கம் தங்கள் சிறையில் கிடக்கிறான். வரும் அமாவாசையன்று கல்லைக் கட்டிக் கடலில் இறக்கப்பட இருக்கிறான்.

ஆனால் நாக்காவலர் சாகவில்லை. அதுதான் இப்போது தொல்லை. நஞ்சென்றால் நீர் எப்படி நடமாடுகிறீர் என்று அமைச்சர் கேட்டார். மறுபடி சுவைத்துவரும்படி வேந்தர் பணித்தார். தாங்கள் கடற்காவலுக்குப் போயிருந்த வேளையில் அவர் முழங்கால் வலியோடு தங்கள் சிறைப்படி ஏறினார்.

விலங்கோடு இருந்த மல்க்கம், மொழிபெயர்க்கும் துபாசி வாயால் சொன்னது: “பெரியவரே, இது என்ன பதநீரா, மடமடன்னு ஊத்திக்க? முதல்ல மோந்து பாருங்க.”

“மோந்து பாக்க நான் என்ன நாயா?” என்றார் நாக்காவலர்.

அவன் பீப்பாயிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்துவரச் செய்து, முதலில் அவனையே குடிக்கச் சொன்னார். குடித்துவிட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே சாகிறவனும் உண்டென்று வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்திருந்தார். பிறகு காவலரைத் திரும்பி நிற்கச் சொல்லி, ஒருவரும் காணாமல், கிண்ணத்தில் மூக்கையும் உதட்டையும் வைத்தார்.

முதலில் புகை. விருந்தன்று நஞ்சென்று அவர் பயந்ததும் இந்தப் புகையைத்தான். தன் நாட்டில் சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்த அனலில் தானியத்தை உலர்த்துவதாக அவன் சொன்னான். மண்ணை எரிக்கிற ஊரும் உண்டாம். மரப்பீப்பாயில் கிடந்து பழசாகப் பழசாக மது நல்லதாகுமாம். பழசாகி நல்லவரானவர் எவரையும் அவர் கண்டதில்லை. சில துளி நீர் விட்டதும் காந்தல் தணிந்தது. வெல்லப்பாகு அடிபிடித்த வாசம் எழுந்தது. பின்னே கடற்காற்றின் உப்பு. விழுங்கிய பிறகும் அது போகாமல், விடைபெற மனமில்லாத விருந்தாளி போல நாக்கில் உட்கார்ந்திருந்தது.

எப்படி என்று அவன் கேட்டான். சாகமாட்டேன் என்றார், அவ்வளவே.

ஆகவே, மதுவில் நஞ்சில்லை. ஊற்றிய விதத்தில் பிழை, பிழை நாக்காவலருடையது. இவ்வோலை கண்டவுடன் மல்க்கத்தின் விலங்கைக் களைந்து, சோறிட்டு, அவன் கலத்தை அவனிடமே விடுக. பீப்பாய் அரண்மனைக்கு வருக. நீர் கலவாமல், அண்ணாந்து, ஒருவரும் அதைக் குடிக்கவேண்டா. நாக்காவலர் சொன்னதைக் கேட்டு வேந்தர் இட்ட ஆணை இது.

இதனால் அந்த மது அவருக்குப் பிடித்துவிட்டதென்று தாங்கள் ஊரெல்லாம் சொல்லவேண்டா. அவன் இன்னொரு கிண்ணம் நீட்டினான். “மண்ணை எரிச்சுக் காய்ச்சினதை நீயே குடி, அப்பா” என்று சொல்லி, வாயைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் படியிறங்கினார். துறைத்தெரு தாண்டும் வரை நாக்கில் அந்தப் புகை போகவில்லை. பழசானது நல்லதாகும் என்பதை அப்போதும் அவர் நம்பவில்லை.

ஏட்டுப் படிப்பு இல்லாதவராதலால் அவர் சொல்ல ஓலைநாயகம் எழுதியது. முத்திரை அவர் கையால் இட்டது. தங்கள் துறை வாழ்க.