பச்சை நூல்

என் அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீயும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். என் கையெழுத்து உனக்குத் தெரியும், கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு நின்றவள், தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். போனில் பேசலாம் என்று மூன்று தடவை உன் நம்பரைப் போட்டேன். மணி அடிப்பதற்குள் நானே நிறுத்திவிட்டேன். வாயால் சொல்ல என்னால் ஆகாது.

உன் அம்மா நேற்றுப் பேசினார்கள். நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதுகூடச் சுவரையே பார்க்கிறாயாம். யார் என்ன கேட்டாலும், 'சிவப்பு சீட்டு வச்ச காரையே எடுங்கன்னு நான்தானே சொன்னேன், குழந்தையைப் பாக்க சீக்கிரம் வாங்கன்னு நான்தானே கூப்பிட்டேன்' என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறாயாம். அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். அது அப்படி இல்லை கண்ணு. எப்படி என்று நான் சொல்கிறேன். பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கிழித்துக்கொள்.

என் மகனோடு வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனி ஆட்கள் போன வாரம் வந்தார்கள். அஞ்சு பேர். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, வாசலிலேயே நின்றார்கள். அவனுடைய கருவிப் பையைக் கொடுத்தார்கள். ஒருவர் அழுதுகொண்டே, 'அண்ணன் டார்ச் அடிச்சுப் பாக்காம எந்த லிஃப்ட்லயும் கால் வைக்க மாட்டாரும்மா, கயித்தத் துணியால தடவித் தடவிப் பாப்பாரு, எங்களுக்கே எரிச்சலா வரும்' என்றார். அவ்வளவு பார்க்கிறவன் தன் வண்டியை ஏன் பார்க்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. ஆனால் கேட்ட மாதிரிதான் எனக்கு இருந்தது.

தெருவில் வேறு பேச்சு. வண்டி பார்க்க ரேஸ் வண்டி மாதிரி இருந்ததாம், அதனால் பறந்திருப்பானாம். அதை நீ காதில் வாங்காதே. விபத்தை விசாரிக்கிற அதிகாரி என்னிடம் நேராகவே சொன்னார். அவன் வேகமாகப் போகவில்லை. முன்னால் போன லாரி திடீரென்று நின்றது, இவன் பிரேக் போட்டு ஒதுங்கினான், ஓரத்துக் கல்லில் இடித்தான். அவ்வளவுதான். முன் கண்ணாடிகூட முழுசாக உடையவில்லை. பெல்ட் போட்டிருந்தான். 'பெல்ட் அறுந்து போகலைம்மா, பெல்ட்டையும் சீட்டையும் புடிச்சிருந்த தரைத் தகடுதான் காகிதம் மாதிரி கிழிஞ்சு வந்துருச்சு. தரை தரையா இருந்திருந்தா உங்க பையன் கதவத் திறந்து தானா எறங்கி வந்திருப்பாரு' என்றார். சீட்டோடு சேர்ந்து போய் மோதியிருக்கிறான்.

இனி நான் சொல்ல வேண்டியது.

நீ உன் அம்மா வீட்டுக்குப் போன பிறகுதான் வண்டி வந்தது. அதனால் அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியாது. விற்கிற வெளியூர்க்காரன் போட்ட போட்டோவைப் பார்த்து, உன் வீட்டுக்காரன் நேரில் போகாமலே பேசி முடித்தான். இருபத்திரண்டு போட்டோ. சக்கரத்துக்கு ஆறு, சீட்டுக்கு எட்டு, மேலே வெட்டி வைத்த கண்ணாடிக் கூரைக்கு நாலு. அடிப்பக்கத்துக்கு ஒன்றுகூடக் கிடையாது. அதெல்லாம் இப்போதுதான் எண்ணுகிறேன். லாரியில் ஏற்றிவந்து வீட்டு முன்னால் இறக்கினார்கள். ஆனாலும் அவன் சும்மா இருக்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு தன் கூட்டாளி மெக்கானிக்கையும் கூப்பிட்டு வந்துவிட்டான். அதுதான், நீ சந்தேகப்புலி என்று கேலி பண்ணுவாயே, காப்பியைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற ஆள், அவர்தான்.

அவர் அடியில் படுத்துப் பார்த்தார். தார் மாதிரிக் கருப்பாக எதையோ கனமாகப் பூசியிருந்ததாம், ஒன்றும் தெரியவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆட்டினார். முகத்தைச் சுளித்தார். 'இது வண்டியோட வந்த சீட்டு இல்லடா. வேற எதையோ கொண்டாந்து தரையில போல்ட் போட்டிருக்கான். போல்ட் எதைப் புடிச்சிருக்குன்னு பாக்கணும். கார்பெட்ட ஒரு சாண் கிழிச்சாப் போதும்' என்று சொல்லிப் பையிலிருந்து கத்தியை எடுத்தார்.

அப்போது நான் உள்ளே தலையை நீட்டினேன். சிவப்பு சீட்டைப் பார்த்தேன். கார்பெட் மடிப்பின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். பச்சை நூல்.

எங்கள் கடை வழக்கம் உனக்குத் தெரியாது. அங்கே நாலு பேர் தைக்கிறோம். சீட் உறையோ கார்பெட்டோ, எதைத் தைத்தாலும் கடைசி மூலையில், வெளியே தெரியாத இடத்தில், அவரவர் நிறத்து நூலில் முடிக்க வேண்டும். தையல் பிரிந்து வண்டி திரும்பி வந்தால் யார் கை என்று முதலாளிக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக. என் நிறம் பச்சை. பதினாறு வருஷத்தில் பச்சை நூல் ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை கண்ணு. எங்கெங்கோ சுற்றிவிட்டு என் கை வேலை என் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது என்று அவ்வளவு சந்தோஷம். மெக்கானிக் கையைத் தட்டிவிட்டேன். 'கத்திய வெச்சீங்கன்னா கைய ஒடிச்சிருவேன். இது எங்க கடை வண்டி, நான் தச்சது. கிழிச்சா மறுபடி அந்த மாதிரி உக்காராது. இதுக்கு நான் பொறுப்பு' என்றேன். அவர் சிரித்துவிட்டார். உன் வீட்டுக்காரனும் சிரித்தான். 'விடுடா, எங்கம்மாவே கேரண்டி குடுத்தாச்சு, இனி எவன் சர்டிபிகேட் வேணும்' என்றான். டார்ச்சை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பொத்தானின் அந்தச் சின்னச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. சமைக்கும்போது கேட்கிறது, தண்ணீர் பிடிக்கும்போது கேட்கிறது.

சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி அதிகாரி என்னைக் கூப்பிட்டார், போனேன். போலீஸ் பிடித்த வண்டிகளை நிறுத்திவைக்கிற மைதானத்தில், நம் வண்டி வெயிலில் நின்றது. கார்பெட்டை அவர்கள் அறுத்து மடித்துப் போட்டிருந்தார்கள். கீழே தரை என்று ஒன்று இல்லை. துருப்பிடித்து ஓட்டை ஓட்டையாக இருந்த இடத்தில், எண்ணெய் டின்னை வெட்டி விரித்து ஒட்டவைத்து, மேலே பட்டி பூசி, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். டின்னில் இருந்த எழுத்தில் பாதியை இன்னும் படிக்க முடிந்தது. சீட்டும் பெல்ட்டும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தன. அறுத்த கார்பெட்டின் ஓரம் தொங்கியது. என் தையலில் ஒரு கண்ணிகூடப் பிரியவில்லை.

குழந்தைக்கென்று அவன் வாங்கிவைத்திருந்த போர்வை பின்சீட்டில் கசங்காமல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். இன்னொன்றும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உன்னைச் சாப்பிடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த வண்டி கடையில் நின்றபோது, முதலாளி கார்பெட்டை ஒரே துண்டாக வெட்டச் சொன்னார். எப்போதும் நாலு துண்டாகத்தான் போடுவோம், ஈரமானால் எடுத்துக் காயவைக்க வேண்டும் அல்லவா. இதை மட்டும் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே துண்டு, பசை போட்டு, யாரும் தூக்க முடியாதபடி. ஏன் என்று கேட்டேன். 'உனக்குத் தைக்கத்தான் சம்பளம்' என்றார். அளவு எடுக்க நான் உள்ளே குனிந்தபோது பட்டி வாசனை குப்பென்று அடித்தது. புதுப் பெயின்ட் கையில் ஒட்டியது. எதையோ மூடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. எனக்கென்ன என்று இருந்துவிட்டேன். அதை ஓட்டப்போகிறவன் எவனோ ஒருவன்தானே.

வாசலில் பச்சை நூலைப் பார்த்த அன்றைக்கு இது ஞாபகம் வந்ததா, வரவில்லையா? தினமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ணிச் சொல்லத் தைரியம் இல்லை.

முதலாளி வீட்டுக்கு வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். 'நாம தைக்கறவங்க, உள்ள என்ன இருக்குன்னு நமக்கெப்படித் தெரியும், அப்படியே சொல்லிருங்க' என்றார். நான் அதிகாரியிடம் போய்ப் பட்டி வாசனை வரைக்கும் எல்லாம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்த மாதிரி ஒரே துண்டாக இன்னும் மூன்று வண்டிக்குத் தைத்திருக்கிறேன். அதையும் சொன்னேன். தேடுகிறோம் என்றார்கள். அந்த மூன்று வண்டியிலும் இப்போது யாரோ உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். என் பச்சை நூல் அவர்கள் காலடியில் இருக்கிறது. வேலைக்கு நான் போவதில்லை. ஊசியில் நூல் கோக்கக் கை வரவில்லை.

இப்போது சொல், நீ என்ன தப்பு செய்தாய்? அழகாக இருந்ததைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றாய். அதை அழகாக்கி வைத்தவள் நான். புருஷனைக் குழந்தையைப் பார்க்க வரச் சொன்னாய். எந்தப் பெண்தான் சொல்ல மாட்டாள்? அவன் கையில் டார்ச் இருந்தது, பக்கத்தில் கத்தியோடு மெக்கானிக் இருந்தார். தடுத்தது யார்? யார் கை என்று தெரியத்தானே நூல் போடுகிறோம். தெரிந்துவிட்டது. பழியை என்மேல் போடு. உன்மேல் போட்டுக்கொள்ளாதே, உனக்குப் பால்குடிக்கிற பிள்ளை இருக்கிறது.

பிள்ளை வளர்ந்து கேட்பான். அப்பா தறிகெட்டு ஓட்டினான் என்று யாரும் அவனிடம் சொல்ல விடாதே. பெல்ட் போட்டுக்கொண்டு, போர்வையை மடித்து வைத்துக்கொண்டு, நிதானமாக உன்னைப் பார்க்க வந்தார் என்று சொல். பாட்டி என்ன செய்தாள் என்றும் சொல். மறைக்காதே.

இதோடு போர்வையை அனுப்புகிறேன், துவைக்கவில்லை. அவன் டார்ச்சையும் அனுப்புகிறேன். கருவிப் பையில் இருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டேன், கசிந்து கெட்டுவிடக் கூடாது. பிள்ளைக்குக் கை பெரிதானதும் கொடு. யார் பொறுப்பு ஏற்றாலும், பெற்றவளே ஏற்றாலும், அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று பழக்கு.

பிள்ளையைப் பார்க்க நான் வரலாமா என்று இதில் கேட்கவில்லை. உனக்கு இனி என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போகலாம். போனால் அது நியாயம்தான். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. இன்றைக்கு ஒரு வேளை, சூடாக, தட்டைப் பார்த்துச் சாப்பிடு. சாப்பிட்டாள் என்று உன் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லச் சொல், எனக்கு அது போதும்.

நீயும் பிள்ளையும் நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும்.

இனியும் அப்படிக் கூப்பிட உனக்கு மனம் இருந்தால்,
உன் அத்தை