ஜும்மா நேரத்தில் எடுத்த காப்பி

வெள்ளி, இரவு

எங்க ஷூ கம்பெனியில ஆபீஸும் கட்டிங் செக்‌ஷனும் தனித்தனி நெட்வொர்க். டிசைன் ஃபைல் திறக்க லேட்டாகுதுன்னு கட்டிங்ல ஒரே பேஜார். கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பு. போன வாரம்தான் அந்த ஃபைல் எல்லாம் இருக்கிற ஸ்டோரேஜை ரெண்டு பக்கமும் நேரா இணைச்சேன்.

இன்னைக்கு ஜும்மாவுக்கு லைன் நின்னுச்சு. பாதிப் பேர் தொழுகைக்கு, மீதிப் பேர் சாப்பாட்டுக்கு. அப்போ கட்டிங் கம்ப்யூட்டர்ல யாரோ புது டிசைன் எல்லாத்தையும் காப்பி எடுத்திருக்காங்கன்னு சர்வர் லாக்ல, அதான் பதிவுல, பார்த்தேன். அதுவும் என் பாஸ்வேர்டுல. லீவு போட்டப்ப மேனேஜர் செல்வம் சாருக்கு மட்டும்தான் அதைச் சொல்லியிருந்தேன்.

சாயங்காலம் அவர் வேலூர்ல இருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். லாக்கைக் காட்டுன்னுகூட கேக்கல. "இன்னாப்பா குமார், அந்த நேரத்துல உள்ள இருந்தது நீ ஒருத்தன்தானே?"ன்னார்.

உண்மைதான். சாப்பிடப் போகாம சர்வர் ரூம்லயே இருந்தேன். அதை யார்கிட்டயும் சொல்லல. காலையிலயே வேலூர் போன மனுஷனுக்கு அது எப்படித் தெரியும்?