ஆறு மாத்திரைகள்

மதீனா, வியாழன் இரவு.

காலை உணவு முடிந்து அறைக்குத் திரும்பியபோது அம்மாவின் கட்டிலருகே ஒரு சிறு தட்டில் ஆறு மாத்திரைகள் இருந்தன. தலையணை உறைக்குள் கிடந்தவற்றை, அறையைச் சுத்தம் செய்பவர் தவறி விழுந்தவை என்று நினைத்து எடுத்து வைத்திருக்கிறார். நல்ல ஓட்டல். எதையும் தூக்கிப் போடுவதில்லை.

அம்மாவின் இதய மாத்திரைகள். உம்ரா பயணத்தில் இந்த ஓட்டலுக்கு வந்த நாளிலிருந்து தினமும் ஒன்றாக நான் அவள் கையில் கொடுத்தவை.

"இன்னாம்மா இது?"

"இந்த ஊர்ல மவுத்தானா இங்கியே அடக்கம் பண்ணுவாங்க. எத்தினி பேருக்குக் கெடைக்கும்? கள்ளக்குறிச்சிக்குத் திரும்பிப் போயி நான் இன்னா பண்ணப்போறேன்?"

"அங்க அத்தா தனியா கெடக்கறாரே."

"அவரு உசுரோட இருந்தப்பவும் தனியாத்தான் இருந்தாரு."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

எந்த மண்ணில் அடங்கினாலும் ஒன்றுதான் என்று நினைப்பவள் நான். அது அம்மாவுக்கும் தெரியும். அதனால் வாதாடவில்லை. "அப்ப ரெண்டு பெட்டியையும் தூக்கிக்கினு நான் மட்டும் போவணுமா?" என்றேன். குரல் நான் நினைத்தபடி வரவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். "நாப்பத்தெட்டு வயசாவுதுடி ஒனக்கு," என்றாள். பிறகு கையை நீட்டினாள்.

இன்றைய மாத்திரையைக் கொடுத்தேன். விழுங்கிவிட்டு, நான் கேட்காமலேயே வாயைத் திறந்து, நாக்கையும் தூக்கிக் காட்டினாள்.

ஊர் திரும்ப இன்னும் நான்கு நாட்கள். தினமும் காட்டச் சொல்வேன்.