பால் காய்ச்சாத வீடு

ஜூன் 4, திங்கள்

காலை ஒன்பதுக்கே வெயில். மலேசியாவில், எங்கள் ஈப்போவிலும் வெயில் உண்டு, இப்படி ஆளைத் துரத்தாது.

என்னை மதுரைக்கு வரச்சொன்ன பா.வுடன் கமிஷனர் ஆபீஸ். விசிட்டராக வந்த நான் இன்னும் மூன்று மாதம் தங்க மனு. போட்டோ, பாஸ்போர்ட் ஜெராக்ஸ், வீட்டு ஓனர் லெட்டர். "வீட்டுக்கு ஆள் வரும்மா. அக்கம்பக்கம் விசாரிப்பாக. எல்லாரும் ஒழுங்கா சொன்னா கெடைக்கும்," என்றார் கிளார்க். கிடைக்காவிட்டால்? "டிக்கெட்டப் போட வேண்டியதுதான்."

வரும் வழியெல்லாம் பா. விசில். கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் நின்றபோதும் விசில். ஈப்போவில் ஜவுளிக்கடை வேலை பர்மிட் முடிகிற வாரம் சோறு இறங்காமல் கிடந்த மனிதர் இவர். என் பர்மிட் என்றதும் என்ன நிம்மதி? எனக்குப் பிடிக்கவில்லை.

வாங்க: சோப்பு, கொசுவர்த்தி.

ஜூன் 5, செவ்வாய்

கரண்ட் இல்லை. விசிறி, வியர்வை.

விளாங்குடியில் இந்த மாடி வீட்டுக்கு வந்து மூன்று வாரம். இன்னும் பால் காய்ச்சவில்லை. வாடகை அறைக்குப் போனால்கூட அம்மா முதலில் பால்தான் பொங்கவிடுவார். அதற்கென்றே ஈப்போவில் வாங்கிய சட்டி பெட்டிக்குள் காகிதத்தோடு கிடக்கிறது. பா.விடம் கேட்டால், "எக்ஸ்டென்ஷன் வரட்டும், காய்ச்சுவோம்."

கல்யாணத்துக்கும் இதே பதில். கழுத்தில் கிடக்கிற மஞ்சள் கயிறு, வந்து இறங்கிய அன்று மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு பாத்ரூமில் நானே கட்டிக்கொண்டது. "கேக்குறவங்களுக்காகத்தான்," என்று கையில் திணித்தார். ஈப்போவில் ஒன்றாக இருந்தபோது இந்த நாடகமெல்லாம் இல்லை. இந்த வீட்டுக்கும் நான் விசிட்டர்தானோ?

வேலையை விட்டாச்சு. அறையைக் காலி செய்தாச்சு. திரும்பிப் போனால் அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள், ஒரு பார்வை பார்ப்பாள். அதைத்தான் தாங்க முடியாது.

ஜூன் 7, வியாழன்

அடுப்பு மேடைக்குப் பின்னால் எண்ணெய் தெறிக்காமல் பேப்பர் ஒட்டப் போனேன். சுவரில் மூன்று மஞ்சள் பொட்டு, நடுவில் குங்குமம். காய்ந்து உதிர்கிறது. யாரோ சாமி கும்பிட்டு அடுப்புப் பற்றவைத்திருக்கிறார்கள். மாடி புதுசாகக் கட்டியது, நாம்தான் முதல் குடித்தனம் என்று சொன்னவரே பா.தான்.

கேட்டேன். "ஓனர் வச்சிருப்பாரு, வீடு கட்டுனப்ப." திரும்பிப் பார்க்கவில்லை. இருக்கலாம். ஆனால் ஷேவ் செய்துகொண்டிருந்தவர் கன்னத்தில் ரத்தம்.

சாயங்காலம் கீழ்வீட்டு போனில் அவர் அம்மா. அவர்கள் வீட்டில் பேசுகிற சௌராஷ்டிரத்தில் குசுகுசுவென்று. படியில் என் காலடி கேட்டதும், "சரிம்மா, சாப்டீங்களா?" என்று தமிழுக்கு வந்துவிட்டார். பெற்ற தாயோடு இவர் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை.

ஜூன் 9, சனி

கான்ஸ்டபிள் வந்தார். பா. வேலைக்குப் போயிருந்தார். கீழே பேச்சியக்காவிடம்தான் முதலில் விசாரணை. வீட்டுக்காரம்மா. புருஷன் லாரி டிரைவர், வடக்கே போனவர், நான் இன்னும் பார்த்ததில்லை.

"மாடியில இருக்கவுக புருசன் பொஞ்சாதிதானா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுப்புட்டீக! முறையா பால் காய்ச்சிக் குடி வந்தவுக. ரெண்டு பேரும் சேந்து நின்டு பொங்க விட்டாக. எங்க வீட்டுக்காரரு அந்தப் பாலக் குடிச்சுட்டு வந்து சொன்னாரு."

கான்ஸ்டபிள் என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

இல்லை என்றால் டிக்கெட்.

"ஆமா சார்."

எழுதிக்கொண்டார். மோர் குடித்தார். போனார்.

சிரித்துக்கொண்டே கேட்டேன்: "அன்னைக்கு நீங்க இல்லையாக்கா?"

"நான் மக பிரசவத்துக்கு உசிலம்பட்டி போயிட்டேன்ல. தை மாசம். நான் வாரதுக்குள்ள நீ மலேசியா கெளம்பிட்ட. இப்பத்தான ஒன் மூஞ்சியப் பாக்குறேன்."

தை மாதம் நான் ஈப்போவில். ஊர் திரும்பிய பா. கடிதம் போடுவார் என்று தபால்காரனைப் பார்த்துக்கொண்டு.

எவளோ காய்ச்சிய பாலுக்கு நான் ஆமா போட்டிருக்கிறேன். கேட்கப்போவதில்லை. கேட்டால் ஒரு கதை தயாராக இருக்கும். முதலில் முத்திரை விழட்டும்.

ஜூன் 17, ஞாயிறு

தலைவலி. பா. வழக்கம்போல் தனியாக அம்மா வீட்டுக்கு. திரும்பி வந்ததும் சட்டைப் பையில் நசுங்கிய மல்லிகை இரண்டு. "அம்மாவுக்கு வாங்குனேன், உதிர்ந்திருக்கும்." அப்பா போனதிலிருந்து அம்மா பூவே வைப்பதில்லை என்று கண் கலங்கியவரும் இவர்தான். மறந்துபோச்சு போல.

ஜூன் 28, வியாழன்

லேசான தூறல். அனுமதி வந்தது. மூன்று மாதம்.

பா. கையில் பால் பாக்கெட், கதம்பம், கற்கண்டு. "இன்னைக்கே காய்ச்சிருவோம்!" குழந்தை மாதிரி சந்தோஷம். அதைப் பார்க்க ஒரு நிமிஷம் எனக்கும் நெஞ்சு இளகியது. நிஜமாகவே.

கீழிருந்து பேச்சியக்கா: "தம்பி, எங்க வீட்டுக்காரரு நாளைக்கு வாராரு! ஒங்க ரெண்டு பேத்தையும் பாக்கணும்னாரு!"

பா. தீப்பெட்டியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

ஈப்போ சட்டியைக் காகிதம் பிரித்துக் கழுவி, மஞ்சள் தடவி வைத்தேன். நுரை ஏறியது. பக்கத்தில் கைகூப்பி நின்றார்.

சட்டியைப் பார்த்தபடியே கேட்டேன். "என்னங்க, போன தடவ எந்தப் பக்கம் வழிஞ்சது?"

"கெழக்க," என்றார்.

அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.