குழி 14

கோவிலடி,
10.08.2025

அன்புள்ள இராசாத்திக்கு,

போனில் பேசினால் எங்கள் பேச்சு சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். நீயும் அக்காவும் சுகந்தானே?

இங்கே மழையே இல்லை. கோவில் வளவில் புல் காய்ந்து, மண்ணுக்குள் கல் கிடக்கிற இடமெல்லாம் கோடு கோடாகத் தெரிகிறது. கன்னியர் மடம், குசினி, கிணறு என்று அந்தக் காலத்தில் ஒரு சின்ன ஊரே இருந்ததாம். அதை அளந்து தோண்டிப் பார்க்க வந்த தொல்லியல்காரர்கள் என்னையும் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு ஓடு மாற்றிவிட்டேன். இனியாவது வருவாயா?

உன் அலோசியஸ்


பெரியகல்லாறு,
28.08.2025

அன்புள்ள உங்களுக்கு,

இடிந்துபோன மடத்தில் காட்டுகிற அக்கறையை என்னிலும் கொஞ்சம் காட்டியிருக்கலாம். பரவாயில்லை, ஓடு மாற்றினீர்களே.

நவம்பரில் இறந்தோர் தினத்துக்கு வாறன். சேமக்காலையில் பிள்ளையைப் புதைத்த இடத்தில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு அப்படியே வீட்டுக்கு வருவேன். இந்த முறை பெட்டியோடு. இப்போதே அடுக்கத் தொடங்கிவிட்டேன். பிள்ளை கிடக்கிற மூலையில் புல்லை வெட்டி வையுங்கள்.

இராசாத்தி


கோவிலடி,
11.09.2025

இராசாத்தி,

பெட்டியோடு வாறன் என்று எழுதிவிட்டாய். இனி மறைக்க என்னால் முடியாது. பிள்ளை சேமக்காலையில் இல்லை.

மூச்சில்லாமல் பிறந்த பிள்ளை, ஞானஸ்நானம் இல்லை, உள்ளே விடமாட்டார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். பாதரிடம் கேட்க வெட்கம். மதிலுக்கு வெளியே, மடத்துச் சுவர் இருந்த இடத்தில் புதைத்தேன். நீ கேட்டபோது சேமக்காலையில் ஒரு மூலையைக் காட்டினேன்.

திங்கட்கிழமை அந்தச் சுவரடியைத்தான் வெட்டப்போகிறார்கள். அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்ய?

அலோசியஸ்


பெரியகல்லாறு,
17.09.2025

அலோசியஸ் அவர்களுக்கு,

திங்கள் காலை முதல் பஸ்ஸில் வந்தேன். நீங்கள் மண்வெட்டியோடு நின்றீர்கள். என்னைக் கண்டதும் குனிந்துகொண்டீர்கள். நானே போய்ச் சொன்னேன். தோண்டுகிற வேலைக்குப் பொறுப்பாக இருந்த பெண் உடனே வேலையை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை பிறந்த நேரம் அங்கே இருந்த பாதரையும் தேடிப்போய்ப் பார்த்தேன். "ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நான் இடம் தந்திருப்பனே, மகள்" என்றார்.

பதினொரு வருஷம் யாரோ ஒருவரின் தலைமாட்டில் இருந்து அழுதிருக்கிறேன். காற்றில் திரி அணையாமல் நீங்கள் கையால் மறைத்துப் பிடித்தீர்கள். பயத்தில் பொய் சொன்னதை மன்னிப்பேன். அந்தக் கையை மன்னிக்க முடியவில்லை.

அவர்களின் வரைபடத்தில் அந்த இடத்துக்கு "குழி 14, காலம் தெரியாது" என்று போட்டிருந்தது. பேனையை வாங்கிப் பிள்ளை பிறந்த திகதியை எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை பிள்ளையைச் சேமக்காலைக்குள் வைக்கிறார்கள். நீங்கள் வரவேண்டாம்.

அடுக்கிய உடுப்புகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டேன்.

இராசாத்தி